பயணத்தில் குழந்தை உறங்க மறுத்தால்: சேலத்திலிருந்து ஏற்காடு வரை, அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

என் கணவருக்கு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை. என் தாய்வீடு சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறது. இரண்டாவது குழந்தை பிறந்த நான்காம் மாதம் தொடங்கி ஒன்றரை வயது நிறையும் வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரே குழந்தை, சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வீடுகள், இரண்டு விதமான தட்பவெப்பம் என்று அமைந்துவிட்டதால், எந்த மாற்றம் உறக்கத்தைக் கெடுக்கிறது, எது கெடுப்பதில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. தொடக்கத்தில் எல்லா அழுகைக்கும் "இடம் மாறிவிட்டது, அதனால் அழுகிறாள்" என்ற ஒரே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போகப் போகத் தெரிந்தது வேறு. மலையில் நள்ளிரவில் கேட்ட அழுகைக்கான காரணம், பெரும்பாலான நாள்களில், அன்று பிற்பகல் அடிவாரத்தைத் தாண்டுவதற்கு முன்பே உருவாகியிருந்தது.

ஆகவே, கீழே உள்ளவற்றில் உங்கள் குழந்தையிடம் காணப்படும் அறிகுறி எது என்று முதலில் பாருங்கள். ஓர் இரவில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கு, போர்வை, பால், பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், குழந்தை உறங்கினாலும் எதனால் உறங்கியது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். மறுநாள் இரவு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் விலக்க வேண்டியவை

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உறக்கப் பிரச்சினை இல்லை. நேரம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாப் பகுதி குழிவது, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது ஆகியவை எந்த வயதுக் குழந்தையிடம் காணப்பட்டாலும் அப்படித்தான். பயணத்துக்கு முன்பே சளி இருந்தால், முடிந்தவரை அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

அறிகுறி: வண்டியில் அயர்ந்து உறங்கிய குழந்தை, அறைக்கு வந்ததும் விழித்துக்கொண்டு பதினொரு மணி வரை விளையாடுகிறது

இதுதான் மிக அதிகமாகக் காணப்படுவது. சரிசெய்ய மிக எளிதானதும் இதுவே. அலுவலகம் முடிந்து மாலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து புறப்படுகிறோம். வண்டியின் ஆட்டத்தில் அஸ்தம்பட்டியைத் தாண்டும் முன்பே குழந்தை உறங்கிவிடுகிறது. நாமும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து ஏற்காடு ஏரிக்கரையில் வண்டி நிற்கும்போது அது புத்துணர்வோடு கண் விழிக்கிறது. இரவு உறக்கத்துக்காக நாள் முழுவதும் சேர்ந்துவந்த களைப்பை அந்த ஒரு மணி நேரம் கரைத்துவிட்டது. அதன் பிறகு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துத் தாலாட்டுப் பாடினால் குழந்தை எப்படி உறங்கும்?

குழந்தையின் பகல் உறக்க நேரத்தைப் பார்த்துப் புறப்படும் நேரத்தை முடிவு செய்வதே இதற்கு மாற்று. மதியம் ஒரு மணிக்கு உறங்கும் பழக்கம் இருந்தால், பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பட்டும். அந்த உறக்கம் மலைப்பாதையிலேயே கழியும். மாலையில்தான் புறப்பட முடியும் என்றால், அடிவாரத்தில் நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக் காற்றோட்டமாகச் சற்று நேரம் நடந்துவிட்டு, விழித்த நிலையிலேயே மலை ஏறுவது நல்லது. ஏற்கெனவே உறங்கி எழுந்துவிட்டதா? அப்படியானால் அன்றைய இரவு உறக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். ஆனால் விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை அணைத்து, அமைதியாக விளையாட விடுங்கள். மறுநாள் காலையில் மட்டும் வழக்கமான நேரத்துக்கு எழுப்பிவிட வேண்டும். பாவம், உறங்கட்டும் என்று ஒன்பது மணி வரை விட்டால் அடுத்த இரவும் அதே கதைதான்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியுமுன் சேலத்தில் இறங்குபவர்களுக்கும் இது பொருந்தும். இறங்கியவுடன் வாடகை வண்டி பிடித்து மலை ஏறினால் பாதி உறக்கத்தில் தூக்கி மாற்றப்பட்ட குழந்தை அந்த நாள் முழுவதும் சிணுங்கும். சேலத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே படுக்க வைத்து, விடிந்து பால் குடித்த பிறகு கிளம்புங்கள்.

அறிகுறி: கொண்டை ஊசி வளைவுகளில் அழுகை

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் கடக்கிறோம். பெரியவர்கள் உடனே "தலைசுற்றல்" என்று சொல்வார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் வருவது குறைவு. புறப்படுவதற்குச் சற்று முன்பு வயிறு முட்டப் பால் கொடுத்திருந்தால் வளைவில் கக்கும். அரை மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

அழுகை திடீரென்று வீறிட்டுக் கிளம்பி, குழந்தை காதைப் பிடித்து இழுத்தால், காதடைப்பு இருக்கலாம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் இது அதிகம், ஏனென்றால் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கி அழுத்துகிறது. விழுங்கும் செயல்தான் தொண்டைக்கும் காதுக்கும் இடையே உள்ள குழாயைத் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்கிறது. ஆகவே, மலை இறங்கும்போது பால் கொடுப்பதற்காக வண்டியை நிறுத்தத் தயங்காதீர்கள். வளைவிலேயே நிறுத்தாமல், சாலை அகன்று பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் குழந்தையை இருக்கையிலிருந்து கழற்றி மடியில் வைத்துப் பால் கொடுப்பதை, அழுகையைக் கேட்க எவ்வளவு வேதனையாக இருந்தாலும், செய்யவே கூடாது. குழந்தை இருக்கை வாங்குவதை வீண் செலவு என்று நினைப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மலைப்பாதையில் திடீரென்று பிரேக் அழுத்தும்போது எந்தத் தாயின் கைப்பிடியும் போதாது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த இருக்கையைப் பற்றி மேலும் ஒன்று. அது பயணத்துக்கானது, படுக்கை இல்லை. சாய்ந்த நிலையில் உறங்கும் கைக்குழந்தையின் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் பட்டால் மூச்சுப்பாதை குறுகும். ஆகவே அவ்வப்போது திரும்பிப் பாருங்கள்; நீண்ட பயணமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுங்கள்; ஊர் வந்து சேர்ந்த பிறகு "எழுந்துவிடுமே" என்று அப்படியே விட்டுவைக்காமல் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: கையில் உறங்குகிறது, கட்டிலில் கிடத்தியதும் விழித்து அழுகிறது

தூளியில் பழகிய குழந்தைகளிடம் இது நிச்சயம் வரும். எங்கள் வீட்டில் என் அம்மாவின் பழைய நூல் சேலைதான் தூளி. முதல் குழந்தையோடு ஒருமுறை விடுதியில் தங்கியபோது, அறையில் கொக்கி இல்லாததைப் பார்த்து, அங்கிருந்த பணியாளர் நல்ல எண்ணத்தோடு சன்னல் கம்பியில் சேலையைக் கட்டித் தர முன்வந்தார். நான் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சட்டத்தில் ஓர் ஓரம் ஆடியது. அன்று இரவு முழுவதும் குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். அந்த இரவு கடினமாகத்தான் இருந்தது, ஆனால் அது சரியான முடிவு. மின்விசிறி, திரைச்சீலைக் கம்பி, சன்னல் கம்பி, அலமாரிக் கதவு ஆகிய எதிலும் தூளி கட்டாதீர்கள். உத்தரத்திலோ கூரையிலோ தூளிக்கென்றே பதித்த கொக்கி இல்லையென்றால் அங்கே தூளி இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

தூளி குழந்தைக்கு எதைத் தருகிறது என்று பார்த்தால் மாற்று வழி புலப்படும். அசைவு, உடலைச் சுற்றி இருக்கும் நெருக்கம், சேலையின் மணம், பாடுபவரின் குரல் என நான்கு. இவற்றில் மணத்தையும் குரலையும் எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தூளிச் சேலையைத் துவைக்காதீர்கள். விடுதியில் அதை மெத்தையின் மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, சுருக்கமோ தளர்வோ இல்லாமல் படுக்கை விரிப்பாக்குங்கள். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, முதலில் பிட்டமும் பிறகு முதுகும் கடைசியாகத் தலையும் படுமாறு மெல்ல இறக்குங்கள். தலை முதலில் கீழே போனால் விழுவது போன்ற உணர்வில் இரு கைகளையும் விரித்துத் திடுக்கிடும். இறக்கிய பிறகும் உங்கள் உள்ளங்கையை அதன் நெஞ்சின் மேல் இரண்டு நிமிடம் பாரமில்லாமல் வைத்திருங்கள். தூளியை ஆட்டும் அதே தாளத்தில் தொடையில் மெதுவாகத் தட்டுங்கள், அதே "ஆராரோ" வரட்டும்.

இதை விடுதியில் முதல்முறையாகச் செய்து பார்த்தால் பலிக்காது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே, பகல் உறக்கம் ஒன்றையாவது வீட்டில் இப்படிப் பழக்குங்கள். தூளியில் உடல் வளைந்து கிடக்கும்போது கைக்குழந்தையின் தாடை நெஞ்சில் படிய வாய்ப்பு இருக்கிறது. ஆதலால் தூளியில் கண் அயர்ந்த குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கைக்கு மாற்றும் பழக்கம் வீட்டிலும் வேண்டியதே. ஓராண்டு நிறையும் வரை மல்லாந்த நிலையில், தலையணை, மென்மையான பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் அருகில் இல்லாமல் தனிப் படுக்கையில், ஆனால் உங்கள் அறையிலேயே உறங்க வைப்பதைத்தான் குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். விடுதியின் பஞ்சு மெத்தை உள்ளே அமுங்கினால், தரையில் பாயை விரித்து அதன் மேல் கெட்டியான விரிப்பு போடுவது மேல்.

அறிகுறி: முக்கால் மணிக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல் விழிக்கிறது

குழந்தையின் உறக்கச் சுழற்சி ஏறக்குறைய 50 நிமிடம். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் அது அரைகுறையாக விழித்துத் தன்னைச் சுற்றி இருப்பதைச் சரிபார்க்கிறது. உறங்கத் தொடங்கியபோது அம்மாயியின் தோளும் விளக்கு வெளிச்சமும் இருந்து, இப்போது இருட்டும் வேற்றுப் படுக்கையும் இருந்தால் அது அழுவதில் வியப்பில்லை. உறங்கும்போது என்ன இருந்ததோ அது விடியும் வரை இருக்கட்டும். பாதி கண் மூடிய நிலையிலேயே படுக்கையில் விடுங்கள். முனகல் கேட்டவுடன் பாய்ந்து தூக்காமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். பல நேரங்களில் முனகிவிட்டு அதுவே அடுத்த சுழற்சிக்குப் போய்விடும்.

அறிகுறி: சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு விழிக்கிறது

இதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும். மேலே மின்விசிறி ஓயாது சுழலும். அந்த இரைச்சலில் என் மகள் அசையாமல் உறங்குவாள். மலையில் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, இங்கே ஏன் விழிக்கிறாள் என்று குழம்பினேன். அந்த அமைதிதான் காரணம். மலை வீட்டில் மின்விசிறி ஓடுவதில்லை. ஆகவே தகரக் கூரையில் சொட்டும் பனித்துளியும், தூரத்து நாய்க் குரைப்பும், கதவுத் தாழின் கிறீச்சொலியும் தனித்தனியாக வந்து அவள் காதில் விழுந்தன. தாய்வீட்டு மின்விசிறியின் ஓசையைக் கைபேசியில் பதிவு செய்து, அறையின் மறுகோடியில் வைத்து, நாம் தாழ்ந்த குரலில் பேசினாலும் கேட்கும் அளவுக்கு மெதுவாக ஓடவிட்டேன். அன்றிரவு இரண்டு முறை மட்டுமே விழித்தாள். கைபேசியைக் குழந்தையின் அருகில் வைப்பதோ ஒலியைக் கூட்டுவதோ கூடாது. செவி மிக மென்மையானது.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பெருவிழாவுக்குச் சேலம் வருபவர்களுக்கு நேர்மாறான சிக்கல் இருக்கும். அப்போது தெருவை ஒட்டிய அறையை விட்டு, வீட்டின் பின்கட்டு அறையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: பின்னிரவில் இரண்டு மணிக்கு மேல் விழித்து, எதற்கும் அடங்காமல் அழுகிறது

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் எட்டு டிகிரி வேறுபாடு. இதற்குப் பயந்து நம்மவர்கள் செய்வது, குளிரைவிடப் பெரிய தொல்லையாகிவிடுகிறது. என் அம்மா முதல்முறை மலைக்கு வந்தபோது, பேத்திக்குக் கம்பளிச் சட்டை, அதன் மேல் மற்றொரு சட்டை, குல்லாய், காலுறை, அதற்கும் மேல் கம்பளி என்று சுற்றிவைத்தார். இரண்டு மணிக்கு அழுகை. கை சில்லென்று இருந்ததால் அம்மா இன்னொரு துணியை எடுத்தார். நான் பிடரியில் கை வைத்தேன். மயிர் நனைந்து ஒட்டியிருந்தது, விரலில் வியர்வை பிசுபிசுத்தது. குல்லாயையும் கம்பளிச் சட்டையையும் கழற்றிய ஐந்தாவது நிமிடம் அழுகை நின்றது.

குழந்தையின் கையும் காலும் குளிர்ந்திருப்பது இயல்பு. அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் போதுமான உடை இருக்கிறது. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். சில்லென்று இருந்தால் ஒன்றைச் சேருங்கள். உங்களுக்கு வசதியாக இருக்கும் உடையைவிட ஓர் அடுக்கு கூடுதல் என்பது பொதுவான அளவு. அறைக்குள் உறங்கும்போது குல்லாய் வேண்டாம், ஏனெனில் குழந்தையின் உடல் தன் வெப்பத்தைத் தலை வழியாகவும் வெளியேற்றுகிறது. குல்லாய் சரிந்து மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு. தளர்ந்த கம்பளிக்குப் பதிலாகக் கையை வெளியே விட்டு அணிவிக்கும் உறக்கப் பை வாங்கலாம்; இல்லையென்றால் பருத்திச் சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலே போதும். நனைந்த டயப்பர் மலைக் குளிரில் விரைவில் சில்லிடும். படுக்கும் முன் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மூடிய அறைக்குள் கரி அடுப்போ கணப்புச் சட்டியோ வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர்கள் உணராமலேயே உயிரிழக்க நேரும்.

அறிகுறி: மாலையில் உடலை வில்லாக வளைத்து அழுகிறது, தூக்கினாலும் தள்ளுகிறது

உறவினர் வீட்டுக்கோ திருமண மண்டபத்துக்கோ போன நாளில் இது வரும். ஆறு மாதக் குழந்தையால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருக்க முடியாது. மடி மாறி மடி மாறிப் போகும்போது உறக்க நேரம் தவறிவிடுகிறது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை எளிதில் உறங்கிவிடும் என்று நினைப்போம், ஆனால் அதற்குத்தான் உறங்குவது மிகக் கடினம். கண்ணைக் கசக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, பார்வை ஓரிடத்தில் நிலைத்துவிடுவது ஆகியவை தோன்றியவுடன் எழுந்துவிடுங்கள். பெரியவர்களின் மனம் நோகும் என்று தயங்க வேண்டாம். "அத்தை, இவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அரை மணி நேரம் உள்ளே படுக்க வைத்துவிட்டு வருகிறேன், எழுந்த பிறகு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னபோது என்னிடம் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இருட்டான அறையில், பேச்சில்லாமல், தோளில் சாய்த்து இருபது நிமிடம் அமர்ந்திருந்தால் போதும்.

அழுகையைப் பார்த்து ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். உரைமருந்தில் ஜாதிக்காயைச் சற்றுக் கூட்டி உரைத்துக் கொடுப்பது, தூக்கம் வரும் சளி மருந்தை ஊற்றுவது ஆகிய இரண்டையும் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை; ஓராண்டு நிறையும் வரை தேன் நாவில் படக்கூடாது. கற்பூரம் கலந்த சளித் தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவக் கூடாது.

அறிகுறி: விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது

விடுதித் திரைச்சீலைகள் பெரும்பாலும் மெல்லியவை. அடர்நிறச் சேலை ஒன்றை இரண்டாக மடித்துச் சன்னலில் இறுக்கமாகக் கட்டுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் முடிச்சு இருக்கட்டும்.

அறிகுறி: எட்டு, ஒன்பது மாதக் குழந்தை அறையை விட்டு அம்மாவை நகரவிடுவதில்லை

இந்த வயதில் பிரிவச்சம் இயல்பாகவே தலைதூக்கும். புது இடத்தில் அது கூடும். பகலில் அந்த அறையிலேயே அதனோடு அரை மணி நேரம் தரையில் அமர்ந்து விளையாடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்து எட்டிப் பாருங்கள். இரவில் அந்த அறை அதற்குப் பழகிய இடமாக இருக்கும்.

அறிகுறி: மலையில் நன்றாக உறங்கிய குழந்தை, சேலம் திரும்பியதும் உறங்குவதில்லை

கோடையில் இது வெப்பத்தால் வருவது. மாலையில் வெதுவெதுப்பான நீரில் உடலைத் துடைத்து, மெல்லிய பருத்தி உடையோ வெறும் டயப்பரோ போட்டு, மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாமல் கிடத்துங்கள். கொசுவுக்குச் சுருள் ஏற்றாமல் வலை கட்டுங்கள். வெப்பம் காரணமில்லை என்றால், நேரம் குலைந்திருக்கும். முதல் நாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுப்பி, இரவில் குளியல், பால், பாட்டு, இருட்டு என்ற பழைய வரிசையை ஒரு படிகூட விடாமல் நடத்துங்கள். இரண்டு மூன்று நாளில் பழைய நிலை திரும்பிவிடும். அதுவரை இரவு எட்டு மணிக்கு மேல் குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்களை மறுநாள் காலையில் வரச் சொல்லுங்கள்.